குறைத்து எண்ணிய கண்

இடது கண் குறைத்துச் சொன்னது. வலது கண் வழக்கம்போலச் சொன்னது. மழைக்காலம் தொடங்கிய வாரத்தின் திங்கட்கிழமையிலிருந்து இதே கதைதான். ஏன் என்று நத்சுயோவுக்குப் பிடிபடவில்லை.

கண் என்றால் நிஜக் கண் அல்ல. சிகிச்சை அறையின் சுவரில் ஒரு வட்டத் துளை உண்டு. நியூட்ரான்கள் அதன் வழியாகத்தான் வெளியே வரும். துளைக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகச் சுண்டுவிரல் பருமனில் இரண்டு கருவிகள், வெள்ளை மூடுபலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். தங்கள்மேல் வந்து விழுகிற நியூட்ரான்களை எண்ணிச் சொல்வதுதான் அவற்றின் வேலை. சிகிச்சை நடக்கும்போது உள்ளே நோயாளியைத் தவிர யாரும் இருக்க முடியாது. அந்த நேரத்தில் அறைக்குள் விழித்திருப்பவை இவை இரண்டும்தான். அதனால் எல்லோரும் அவற்றைக் கண் என்றே அழைத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே எண்ண வேண்டும். இப்போது இடது கண் நூற்றுக்கு ஏழெட்டு குறைத்து எண்ணிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் நத்சுயோவின் தலைவலி புரியும். அங்கே ஒரு முடுக்கி இருக்கிறது. ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டான்களை மின்சாரத்தால் விரட்டி விரட்டி வேகமேற்றுகிற எந்திரம் அது. வேகம் முற்றிய புரோட்டான்கள் உள்ளங்கை அகலமுள்ள ஒரு பெரிலியத் தகட்டில் போய் மோதும். மோதிய இடத்திலிருந்து நியூட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பும். பிறந்த வேகத்திலேயே அவற்றை உடம்புக்குள் விட்டால் நல்ல சதை, கெட்ட சதை என்று பார்க்காமல் அழித்துவிடும். ஆகவே ஈயம், இரும்பு, அலுமினியம் என்று அடுக்கடுக்காக வழிமறித்து, முட்டி முட்டிக் களைக்கச் செய்து, வேகம் தணிந்தவற்றை மட்டும் துளை வழியே அனுப்புவார்கள். முன்பெல்லாம் இதற்கு ஓர் அணு உலையே வேண்டியிருந்தது. இப்போது ஒசாகா விரிகுடாக் கரையில் இருக்கும் இந்த மருத்துவமனையின் கீழ்த்தளமே போதுமாயிருந்தது.

நத்சுயோ அங்கே கதிரியக்க இயற்பியலாளர். எந்திரம் நோயாளிக்கு ஏற்ற நிலையில் இருக்கிறதா என்று தினமும் காலையில் அளந்து பார்த்து, சரி என்றோ கூடாது என்றோ சொல்வது அவள் பொறுப்பு. அவள் கூடாது என்றால் டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் அவள் கண்ணைத்தான் சந்தேகித்தாள். கருவி பழுதாவது சாதாரணம். முடுக்கியைப் பார்த்துக்கொள்ளும் ஹமனாகாவைக் கூப்பிட்டு இரண்டு கண்களையும் இடம் மாற்றச் சொன்னாள். மூடுபலகையைக் கழற்ற வேண்டியதில்லை, பக்கவாட்டுக் குழாய் வழியாக உருவிவிடலாம். பலகையைக் கழற்றினால் துளையின் எல்லா அளவுகளையும் புதிதாக எடுத்தாக வேண்டும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை.

இடம் மாற்றிய பிறகும் இடதுதான் குறைந்தது. நேற்றுவரை ஒழுங்காக எண்ணிய கருவி, இடப்பக்கம் போனதும் குறைத்து எண்ணியது. குறைத்து எண்ணிய கருவி, வலப்பக்கம் வந்ததும் ஒழுங்காகிவிட்டது.

"அப்போ கண்ணுல கோளாறு இல்ல, அது பாக்கறதுலதான் கோளாறு," என்றாள் நத்சுயோ.

"பேய்னு சொல்லிடுங்க, எனக்கும் நிம்மதி," என்றார் ஹமனாகா. கனத்த உடம்பு, எதற்கும் ஒரு கேலி. "போன வாரம் என்னென்ன மாத்தினோம்? கூலிங் தண்ணிக்கு வடிகட்டி. கண்ட்ரோல் புரோகிராமில ஒரு திருத்தம். கதவு ரப்பர். இவ்வளவுதான?"

வடிகட்டியைப் பழையபடி மாற்றிப் பார்த்தார்கள். திருத்தத்தை நீக்கிப் பார்த்தார்கள். கதவு ரப்பரைக்கூட விட்டுவைக்கவில்லை. இடது கண் அசையவில்லை.

அடுத்த வாரம் சிகிச்சைக்கு வரவேண்டியவன் நத்சுயோவின் தம்பி தெப்பெய்.

தெப்பெய் இசுமிசானோ மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவன். பிற்பகலில் படகுகள் வந்ததும், தரையில் பரப்பிய பெட்டிகள்மேல் அவன் குரல் ஓடும். இறால், நண்டு, கடல்விலாங்கு, ஆக்டோபஸ் என்று வெளியூர்க்காரனுக்கு ஒரு சொல்லும் விளங்காத வேகத்தில் அவன் கூவ, வாங்குகிறவர்கள் விரல்களால் பதில் சொல்வார்கள். தேர்த் திருவிழாவில் ஆயிரம் பேர் கயிறு பிடித்து ஓடும்போதும் அவன் குரல் தனியாகக் கேட்கும். அந்த நாக்கின் இடப்பக்க அடியில்தான் புற்று வந்தது. கதிர்வீச்சுக் கொடுத்தார்கள், போனது. இரண்டாண்டு கழித்துத் தாடைக்குக் கீழே கழுத்தில் திரும்பி வந்தது. ஒருமுறை எக்ஸ் கதிர் வாங்கிய இடத்தில் மறுபடி அவ்வளவு கொடுக்க முடியாது. அறுவை சிகிச்சை செய்தால் நாக்கையும் குரல்வளையையும் எடுத்துவிட வேண்டும்.

"நாக்கில்லாம நான் சந்தையில என்ன செய்யறது அக்கா? ஐஸ் உடைக்கவா?" என்று கேட்டான் அவன்.

மிஞ்சியிருந்தது நியூட்ரான் ஒன்றுதான். நியூட்ரானுக்கு முன்னால் ஒரு மருந்து ஏற்ற வேண்டும். புற்று அந்த மருந்தைக் குடிக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனைக்கு, மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை அவன் வந்திருந்தான். அன்றைக்குச் சந்தைத் தாளால் மூடிய ஒரு தட்டைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த ஊர்க்காரன் யாருக்கும் வெறுங்கையோடு போகக் கூச்சம். ஆனால் நோயாளிகளிடம் ஊழியர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று வாசலிலேயே பலகை மாட்டியிருந்தார்கள்.

"டேய், அந்தப் பலகையப் பாக்கலையா?" என்றாள் நத்சுயோ.

"பாத்தேனே. பரிசு வாங்கமாட்டோம்னு போட்டிருக்கு. இது பரிசு இல்ல, விஷம். விஷம் வாங்கமாட்டோம்னு எங்கயாவது போட்டிருக்கா?"

பெட்டிக்குள் கரப்பான் உருண்டைகள். கோடை வருமுன் தெப்பெய் ஆண்டுதோறும் செய்வான். வெங்காயத்தை அரைத்து, மாவும் சர்க்கரையும் கொஞ்சம் பாலும் மருந்துக்கடை வெள்ளைத் தூளும் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சையளவு உருட்டி வெயிலில் காய வைப்பான். தெருவில் பாதி வீடுகளுக்கு அவன் உருண்டைதான். எந்திர அறையின் வெதுவெதுப்புக்குக் கரப்பான்கள் வருகின்றன, லட்சக்கணக்கான வோல்ட்டுக்குப் பயப்படாத ஹமனாகா ஒரு கரப்பானைக் கண்டு நாற்காலிமேல் ஏறிவிட்டார் என்று நத்சுயோதான் ஒருநாள் சொல்லிச் சிரித்திருந்தாள்.

ஹமனாகா பெட்டியை இரு கைகளாலும் வாங்கி, இடுப்பு மடியக் குனிந்து நன்றி சொன்னார். "உங்க அக்காகிட்ட பத்து வருஷமா வேலை செய்யறேன். இப்படி ஒரு நல்லது எனக்கு யாரும் செஞ்சதில்ல தெப்பெய் சான்," என்று மரியாதைக்கு ஒரு சான் சேர்த்துச் சொன்னார்.

"பாட்டில் மூடியில வெச்சு, அதுங்க ஓடற வழியில வைங்க. ருசி பாத்துடாதீங்க. உங்க உடம்பைப் பாத்தா சந்தேகமா இருக்கு."

அன்று காத்திருப்பு அறையில் நத்சுயோ அவனுக்குச் சிகிச்சையை விளக்கினாள். விளக்குவதென்றால் அவளுக்கு உயிர்.

"புற்று செல் பேராசைக்காரன். வளர்றதுக்குச் சாப்பாடு வேணும்னு கண்டதையெல்லாம் இழுத்துப்பான். நாங்க அவன் சாப்பாடு மாதிரியே ஒண்ணு செஞ்சு, அதுக்குள்ள போரானை ஒளிச்சு வெச்சு ரத்தத்துல ஏத்துவோம். நல்ல செல் கொஞ்சமா எடுத்துக்கும். இவன் அள்ளி அள்ளித் திம்பான். அப்புறம் நியூட்ரானை விடுவோம். சதை அதைப் பெரும்பாலும் போக விட்டுடும். போரான் விடாது, லபக்குனு முழுங்கிடும். முழுங்கின உடனே ரெண்டா வெடிக்கும். அந்தத் துண்டு எவ்வளவு தூரம் போகும்னு நெனைக்கற? ஒரே ஒரு செல் அகலம். தின்னவன் மட்டும் சாவான். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒண்ணும் ஆகாது."

தெப்பெய் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். "நான் கரப்பானுக்குச் செய்யறதைத்தான் நீ எனக்குச் செய்யப் போற. இதுக்குப் போயா இவ்வளவு படிச்ச?"

அவளும் சிரித்தாள். புற்று மருந்தை நன்றாகக் குடிக்கிறது என்று அன்று மாலையே முடிவு வந்தது. நாள் குறித்தார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமைதான் இடது கண் குறைந்தது.

தம்பியின் நாள் நெருங்க நெருங்க அவள் எல்லா வழிகளிலும் முட்டிப் பார்த்தாள். தங்கக் கம்பியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து நியூட்ரான் காட்டினாள். தண்ணீரை உடம்புக்குப் பதிலாக வைத்துக்கொண்டால், தங்கம் எவ்வளவு கதிரியக்கம் ஏற்றுக்கொண்டது என்பதிலிருந்து உடம்புக்குள் எவ்வளவு நியூட்ரான் போகும் என்று கணக்கிடலாம். நடுவில் அளவு சரியாக இருந்தது. ஓரங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

"தங்கம் சரிங்குது," என்றார் ஹமனாகா. அன்று அவரிடம் கேலி இல்லை. "நடுவுல சரியா இருக்கு. மிச்ச நோயாளிங்களத் தள்ளிப் போடுங்க, பரவாயில்ல. இவருக்கு மட்டும் கொடுத்துடலாம். உங்க தம்பிங்க."

"தண்ணிக்குள்ள போனா நியூட்ரான் நாலு பக்கமும் சிதறும். ஓரத்துல குறை இருந்தா அது மழுப்பிடும். அதுவும் தங்கம் முடிஞ்சப்புறம்தான் சொல்லும், ஹமனாகா சான். நடக்கும்போது சொல்றது கண்ணு மட்டும்தான். தகடு ஓரத்துல உரிய ஆரம்பிச்சிருந்தா? பாதியில பொத்துக்கிட்டா? அவன் கழுத்து அங்க இருக்கு. நமக்குப் புரியாத கண்ணை நம்பிக்கிட்டு நான் எப்படிச் சரின்னு சொல்றது?"

"வேற யாராவது சொல்லட்டுமே. நீங்க வெளிய நில்லுங்க."

"வேற யாரா இருந்தாலும் கூடாதுன்னுதான் சொல்லணும். தம்பிங்கறதால மட்டும் சொல்லிடலாமா?"

பெரிலியத் தகடு நாள்பட நாள்படச் சுவர்ச் சுண்ணாம்புபோல் கொப்புளித்து உரிவதுண்டு. ஒரு பக்கம் உரிந்தால் அந்தப் பக்கத்து நியூட்ரான் குறையும். இடது கண் சொல்வதற்கு அதுவே பொருத்தமான காரணம். ஆனால் தகட்டை உடனே திறந்து பார்க்க முடியாது. அத்தனை புரோட்டான் அடி வாங்கிய தகடு தானே கதிரியக்கம் கொண்டுவிடும். அது தணியும்வரை எந்திரத்தை நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டும்.

அவள் கூடாது என்றாள். டாக்டர் ஒகிமோரி சிகிச்சையைத் தள்ளிவைத்தார்.

தெப்பெய்க்கு அவளே போன் செய்தாள். "சரி அக்கா," என்றான். "வலை கிழிஞ்சிருந்தா படகு எடுக்கக் கூடாது. அது எனக்குத் தெரியாதா?" குரல் அதற்குள் கரகரத்திருந்தது. அடுத்த வாரம் ஏலத்துக்கு வேறு ஆள் நின்றான்.

காத்திருந்தார்கள். வெளியே மழை பெய்தது. தகடு தணிந்ததும் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் எந்திரக் கைகளால் அதை வெளியே எடுத்தார்கள். ஓரம் நடு எல்லாம் முகம் பார்க்கலாம் போலிருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனாலும் புதுத் தகடு போட்டார்கள், எந்திரத்தை மறுபடி பழக்கினார்கள். நத்சுயோ பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

இடது கண் குறைத்துச் சொன்னது.

இரண்டாவது முறையும் தள்ளிவைத்தார்கள். அந்த வாரத்தின் கடைசியில் தெப்பெய்யின் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி அவனைக் காப்பாற்றினார்கள். புற்று கழுத்தின் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்துவிட்டது என்று படத்தில் தெரிந்தது. இனி நியூட்ரான் கொடுத்தால் புற்று சாகிறபோது அந்தக் குழாய் வெடித்துவிடும்.

"வலி தெரியாம பாத்துக்கலாம். அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியல," என்றார் ஒகிமோரி. நத்சுயோ தலையாட்டினாள். அந்தக் குழாய் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கை அவளே போட்டுப் பார்த்திருந்தாள்.

மழை விட்டு வெயில் கொளுத்தத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். தெருமுனைக் கொட்டகையில் தேர்த் திருவிழாவுக்குப் பையன்கள் முரசு பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் விளையும் சாறு நிறைந்த நீர்க்கத்தரிக்காயில் போட்ட ஊறுகாய் வாங்கிப் போயிருந்தாள். வாசலில் நின்ற பிறகுதான் அவனால் இனி எதையும் மெல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்தது. பையை அங்கேயே செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

தெப்பெய் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தான். மெலிந்து சட்டைக்குள் தொலைந்துபோயிருந்தான். முன்னால் ஒரு பேசின். முழங்கைவரை மாவு. கரப்பான் உருண்டை பிசைந்துகொண்டிருந்தான்.

"ஏன்டா, இப்போ இது ரொம்ப முக்கியமா?"

குழாய் போட்டதிலிருந்து அவனுக்குப் பேச்சு வராது. பக்கத்து வீடுகள் இருக்கிற பக்கமாகத் தாடையால் காட்டினான். இந்த ஆண்டு தாமதமாகிவிட்டது, எல்லோரும் காத்திருப்பார்கள் என்பதாக. பிறகு அவளைப் பார்த்து, மாவு ஒட்டிய இரண்டு விரல்களைத் தன் நெற்றிமேல் வைத்துக் கரப்பான் மீசைபோல் ஆட்டினான். புருவத்தை உயர்த்தினான். உங்கள் இடத்தில் கரப்பான் போயிற்றா என்று கேட்டான்.

நத்சுயோவுக்குச் சிரிப்பு வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவள், பேசினுக்குப் பக்கத்தில் கிடந்த மருந்துக்கடைப் பொட்டலத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டுச் சமையலறையில் பார்த்த பொட்டலம்தான். அதன் மேல் போரிக் அமிலம் என்று எழுதியிருந்தது.

நம்மூரில் கேரம் பலகையில் தூவுகிற அதே வெள்ளைத் தூள். போரானிலிருந்து செய்வது. அவள் வேலை செய்யும் இடத்தில் எல்லாமே போரான்தான். நோயாளிக்கு ஏற்றுகிற மருந்தில் போரான். நியூட்ரான் வெளியே கசியாமல் தடுக்கும் சுவர்ப் பலகைகளில் போரான். நியூட்ரானைக் கண்டால் போரான் விடாது என்பது அங்கே துடைப்பம் பிடிப்பவருக்கும் தெரியும். ஆனால் அது மருத்துவமனைப் போரான். இது தம்பியின் உருண்டை. இரண்டும் ஒன்றென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று அவனே சொன்னான், நான் கரப்பானுக்குச் செய்வதைத்தான் நீ எனக்குச் செய்யப் போகிறாய் என்று. அப்போதும் அவளுக்குத் தோன்றவில்லை. சிரித்தாள்.

முற்றத்துக்குப் போய் ஹமனாகாவை போனில் கூப்பிட்டாள்.

"தெப்பெய் கொடுத்த உருண்டைய எங்கெல்லாம் வெச்சீங்க?"

"என்ன திடீர்னு? எந்திர அறை மூலைங்கள்ல வெச்சேன். பம்ப்புக்குப் பின்னால ஒண்ணு. அப்புறம் சிகிச்சை அறையில ஒண்ணு. அன்னிக்குச் சாயங்காலம் ஒருத்தன் மூடுபலகைக்கு அடியில, வயர் வர்ற பொந்துக்குள்ள ஓடினான். ஸ்கேலால நல்லா உள்ள தள்ளி..." ஹமனாகாவின் குரல் நின்றது. "இடது பக்கம்," என்றார்.

"நாளைக்குக் காலையில அதை எடுக்கலாம். நான் வர்றவரைக்கும் தொடாதீங்க."

"நத்சுயோ சான், நான் வந்து... என்ன மாத்தினோம்னு நூறு தடவை யோசிச்சோம். இதை நான் ஒரு மாத்தமாவே நெனைக்கலையே."

"நானும்தான் நெனைக்கல. கொண்டுவரச் சொன்ன மாதிரி அவன்கிட்ட பேசினதே நான்தான். அழாதீங்க. காலையில பாக்கலாம்."

அவள் உள்ளே வந்தபோது தெப்பெய் அதே கேள்வியோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"போயிடுச்சுடா," என்றாள். "ஒண்ணுகூட இல்ல. ஹமனாகா சான் உன்னைக் கும்பிடறார்."

அவன் முகம் மலர்ந்தது. குரலில்லாத சிரிப்பு குழாய் வழியாகக் காற்றாக வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஏற்கெனவே காய்ந்திருந்த உருண்டைகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிச் சந்தைத் தாளில் மடித்து அவளிடம் நீட்டினான். ஹமனாகாவின் வயிறு அளவுக்குக் கைகளை அகட்டிக் காட்டி, அவருக்கு என்றான். அவள் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். காரில் உட்கார்ந்து, மடியில் அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, முரசு ஓயும்வரை அப்படியே இருந்தாள்.

மறுநாள் காலை ஹமனாகா தரையில் படுத்து, நீண்ட இடுக்கியை வயர்ப் பொந்துக்குள் விட்டு ஒரு பாட்டில் மூடியை இழுத்தார். அதில் உருண்டை கல்லாக இறுகியிருந்தது. இடது கண்ணை ஒட்டி அத்தனை நாள் உட்கார்ந்து, அந்தப் பக்கமாகக் கண்ணுக்குப் போக வேண்டிய நியூட்ரான்களை அது விழுங்கிக்கொண்டிருந்தது. நோயாளிக்குப் போகிற கற்றையின் வழியில் அது இல்லை. கற்றையில் ஒருநாளும் குறை இருந்ததில்லை.

எந்திரத்தை ஓட்டினார்கள். இரண்டு கண்களும் ஒன்றாக எண்ணின.

"இப்போவாவது தம்பிக்கு..." என்று தொடங்கினார் ஹமனாகா. நத்சுயோ இல்லையென்று தலையசைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒருமுறை சரியானால் அது தற்செயலாகவும் இருக்கலாம். சந்தேகம் தீர, கோளாறை வேண்டுமென்றே திரும்ப வரவழைத்துப் பார்க்க வேண்டும். நத்சுயோ பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தாள். தம்பி பொறுக்கிக் கொடுத்தவற்றில் ஒன்றை எடுத்து வலப்பக்கப் பொந்துக்குள் வைத்தாள். உருண்டையின் மேல் அவன் விரல் பதிந்த குழி இருந்தது. எந்திரத்தை ஓட்டினாள். வலது கண் நூற்றுக்கு ஏழெட்டு குறைத்துச் சொன்னது. எடுத்தாள். இரண்டும் மறுபடி ஒன்றாயின.

அன்று பிற்பகலே காத்திருந்த அடுத்த நோயாளிக்குச் சரி என்று சொன்னாள். கண்ணுக்கு அருகே போரிக் அமிலம் இருந்தால் கண் குறைத்து எண்ணும். அதை எடுத்துவிட்டால் சரியாக எண்ணும். சிகிச்சை அறையில் இனிக் கரப்பான் உருண்டை வைப்பதில்லை, பசை தடவிய ஒட்டுக் காகிதம் வைக்கிறார்கள்.